ராஜாவுக்கு ஒரு மனு

போன வருஷம் நம்ம பெரிய ஏரியைப் பற்றி ஒரு பதிவு எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு ரியாத்திலிருந்து என் தங்கை மகன் கூப்பிட்டான்.

"ஏரியப் பத்தியெல்லாம் எழுதுறீங்க மாமா, என் கதைய எழுத மாட்டீங்களா?"

"எழுதலாமாடா?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பதில் இல்லை. பிறகு சொன்னான்: "எழுதுங்க. ஆனா நான் ஊருக்கு வந்து சேர்ந்த பெறகு எழுதுங்க. பேர் போடாதீங்க, கம்பெனி பேரும் வேண்டாம்."

போன மாதம் அவன் கணக்கு முடித்துக்கொண்டு வந்துவிட்டான். அதனால் இப்போது எழுதுகிறேன். இது அவன் கதை மட்டும் இல்லை. நான் செய்த ஒரு முட்டாள்தனத்தின் கதையும் இதில் இருக்கிறது. முதலில் பழைய கதையிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

நான் தபால் ஆபீசில் வேலை பார்த்தவன் என்பது இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும். எழுபதுகளின் கடைசியிலிருந்தே நம் பக்கத்து ஆட்கள் அரபு நாடுகளுக்குப் போக ஆரம்பித்துவிட்டார்கள். லெப்பைக்குடிகாடு, வி.களத்தூர் பக்கம் வீட்டுக்கு ஒருவர் என்கிற மாதிரி போனார்கள். அவர்களைப் பார்த்து நம் ஊர்ப் பையன்களும் கிளம்பினார்கள். வானம் பார்த்த பூமி. சின்ன வெங்காயம் விலை போகாத வருஷத்தில் நாலு பேர் கூடுதலாகப் பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போடுவார்கள்.

அவர்களிடமிருந்து வரும் கடிதங்களைத் தூரத்திலிருந்தே கண்டுபிடித்துவிடலாம். ஓரத்தில் சிவப்பும் நீலமுமாகக் கோடு போட்ட கவர். தபால் தலையில் பேரீச்ச மரமும் அதற்குக் கீழே இரண்டு வாளும், இல்லையென்றால் தலையில் துணி போட்ட ஒரு ராஜாவின் முகம். சில சமயம் கவருக்குள் கேசட் இருக்கும். எழுதத் தெரியாதவர்கள் பேசிப் பதிவு செய்து அனுப்புவார்கள். கேசட் வந்த வீட்டில் டேப் ரிக்கார்டரைத் திண்ணையில் வைத்துத் தெருவே கேட்கும்.

எழுத்துக் கடிதம் வந்தால் பல அம்மாக்கள் என்னிடம்தான் வருவார்கள். மதியம் கூட்டம் குறைந்த பிறகு கவுண்டருக்குப் பக்கத்தில் வந்து நிற்பார்கள். நான் படித்துக் காட்டுவேன். படித்துக் காட்டுவதில் ஒரு சங்கடம் உண்டு. "கண்ணில் மண் விழுந்து இரண்டு நாள் படுத்திருந்தேன்" என்று மகன் எழுதியிருப்பான். அதை அந்த அம்மாவிடம் எப்படிப் படிப்பது? ஒரு வரியைத் தாண்டிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவேன். இப்படி எத்தனை வரிகளைத் தாண்டியிருக்கிறேன் என்று எனக்கே கணக்கில்லை. ஒரு வகையில் நானும் சென்சார் அதிகாரிதான்.

1990 ஆகஸ்டில் ஈராக் படை குவைத்துக்குள் புகுந்தபோது இந்தக் கடிதங்கள் எல்லாம் நின்றுவிட்டன. தினமும் காலையில் பை வரும் நேரத்துக்கு வாசலில் பத்துப் பெண்கள் நிற்பார்கள். நான் பையைக் கொட்டி, தேடி, தலையை ஆட்டுவேன். ஒன்றும் பேசாமல் கலைந்து போவார்கள். அந்த அக்டோபர் வரைக்கும் ஏர் இந்தியா விமானங்கள் அம்மானிலிருந்து ஏறத்தாழ 1,70,000 பேரைக் கொண்டுவந்து சேர்த்தன. வந்து இறங்கிய ஒருவர் வேட்டியோடு நேராகத் தபால் ஆபீசுக்கு வந்து, "எனக்கு ஏதும் லெட்டர் வந்துச்சா?" என்று கேட்டார். அவர் எழுதிய கடிதமே அதன் பிறகுதான் வந்தது.

இனி மனு விஷயத்துக்கு வருகிறேன். 1993 என்று ஞாபகம். அப்போது பெரம்பலூர் தனி மாவட்டம் ஆகவில்லை, நமக்குத் திருச்சிதான் ஜில்லா. மலை அடிவாரத்துக் கிராமத்திலிருந்து ஒரு அம்மா வந்தார். மகன் சவுதியில் பாலைவனத்துப் பக்கம் ஒரு தோட்டத்தில் வேலை பார்த்தான். ஒரு வருஷமாகச் சம்பளம் இல்லை. பாஸ்போர்ட் கபீலிடம் இருக்கிறது. கபீல் என்றால் பொறுப்பாளி, அங்கே நம்மை வரவழைத்த முதலாளி. அவர் கையெழுத்து இல்லாமல் வேலை மாற முடியாது, நாட்டை விட்டு வெளியே வரவும் முடியாது.

அந்த அம்மா சொன்னார்: "சாமி, அந்த ஊரு ராஜாவுக்கு ஒரு மனு எழுதிக் குடுங்க. ராஜா நல்லவராத்தான் இருப்பாரு. நடுவுல இருக்கறவந்தான் அவருக்குத் தெரியாம இப்படிப் பண்றான்."

நான் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு எழுதிக் கொடுத்தேன். ஒரு பக்கம் தமிழில், மறு பக்கம் எனக்குத் தெரிந்த இங்கிலீஷில். விலாசத்தில் மேதகு மன்னர் ஃபஹத் அவர்கள், ரியாத், சவுதி அரேபியா என்று போட்டேன். அந்த அம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்துப் பதிவுத் தபாலுக்குக் காசு கொடுத்தார். ரசீதைக் கையில் கொடுத்தபோது கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

பதில் வரவில்லை. பையன் இரண்டு வருஷம் கழித்து எப்படியோ வந்து சேர்ந்தான். மனு ராஜா கைக்குப் போயிருக்காது என்று எனக்கு அப்போதே தெரியும். ஆனால் அந்த அம்மா சொன்னதில் ஒரு பெரிய விஷயம் இருக்கிறது என்று எனக்குப் புரிய இருபத்தைந்து வருஷம் ஆயிற்று.

ராஜாக்கள் நீடிப்பதே அந்த நம்பிக்கையில்தான். ராஜா நல்லவர், நடுவில் இருப்பவன்தான் கெட்டவன். நம் ஊரிலும் ஆராய்ச்சி மணியை அடித்த பசுவுக்கு நீதி கொடுத்த சோழனைப் பற்றித்தானே குழந்தைகளுக்குச் சொல்கிறோம்? அரபு நாடுகளில் இதற்கு மஜ்லிஸ் என்று ஒரு வழக்கம் உண்டு. ஆட்சியாளர் ஒரு பெரிய கூடத்தில் உட்கார்ந்திருப்பார், குறை உள்ளவர்கள் நேரில் போய்ச் சொல்லலாம். ஆனால் கட்டிடம் கட்டப் போன நம்ம ஊர்ப் பையன் அந்தக் கூடத்துக்கு எங்கே போவது? அவனுக்கும் ராஜாவுக்கும் நடுவில் ஏழு கதவு. முதல் கதவிலேயே கபீல் உட்கார்ந்திருப்பார்.

இப்போது என் தங்கை மகன் கதை.

என் தங்கை வீட்டுக்காரர் மரச்சிற்பி. அரும்பாவூர் மரச்சிற்பத்துக்கு 2020-ல் புவிசார் குறியீடு கிடைத்தது உங்களுக்கு நினைவிருக்கும். ஆனால் குறியீடு வருவதற்கு முன்னால் பல வருஷம் அந்தத் தொழிலில் வயிறு நிறையவில்லை. வாகை மரத்தை இழைத்துச் சாமி செய்யத் தெரிந்த பையன், 2014-ல் கார்பெண்டர் விசாவில் ரியாத் போனான். அங்கே கதவும் அலமாரியும் செய்கிற வேலை.

அவன் போன காலத்தில் கடிதம் என்பதே போய்விட்டது. 2013 ஜூலையில் தந்தி சேவையையும் நிறுத்திவிட்டார்கள். எல்லாம் செல்போன். வாட்ஸ்அப்பில் எழுதுவான், குரல் பதிவு அனுப்புவான். ஆனால் இணையம் வழியாகப் பேசுவதை அரசு தடுத்து வைத்திருந்தது. 2017 செப்டம்பரில்தான் சவுதி இணைய அழைப்புகளுக்கு இருந்த பொதுத் தடையை எடுத்தது. அன்று ராத்திரி என் தங்கை மகன் முகத்தைப் பார்த்துப் பேசினாள். பேசி முடித்து, "அண்ணே, எளச்சுப் போயிருக்கான்" என்று அழுதாள். நான் வரிகளைத் தாண்டிப் படித்த காலம் முடிந்துவிட்டது என்று எனக்குத் தோன்றியது.

குடும்பத்துக்கு ஒரு வாட்ஸ்அப் குரூப் ஆரம்பித்தோம். ஓய்வு பெற்றவனுக்கு அதைவிடப் பெரிய பொழுதுபோக்கு என்ன இருக்கிறது? காலை வணக்கம், மூட்டுவலிக்கு மருந்து, அரசியல் கேலிப்படம் என்று வருவதையெல்லாம் தள்ளிவிடுவேன். 2018 அக்டோபரில், இஸ்தான்புல்லில் உள்ள சவுதி துணைத் தூதரகத்துக்குள் போன பத்திரிகையாளர் ஜமால் கஷோகி வெளியே வரவில்லை, உள்ளேயே கொல்லப்பட்டார் என்று உலகமே பேசிக்கொண்டிருந்தது. பழைய ஆபீஸ் நண்பர் ஒருவர் எனக்கு ஒரு கேலிப்படம் அனுப்பினார். பட்டத்து இளவரசரைப் பற்றியது. நானும் பார்த்துச் சிரித்துவிட்டு, குடும்ப குரூப்பில் தள்ளிவிட்டேன். அந்த குரூப்பில் ரியாத்தில் இருப்பவன் ஒருவன் உண்டு என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

ராத்திரி பதினொன்றரை மணிக்குப் போன் வந்தது.

"மாமா, அந்தப் படத்த மொதல்ல அழிங்க."

"எந்தப் படம்டா?"

"பேசாதீங்க மாமா. அழிங்க. எல்லாருக்கும் அழியற மாதிரி அழிங்க."

எனக்கு அப்படி அழிக்கத் தெரியாது. பேத்தியை எழுப்பி அழித்தேன். அதற்குள் அவன் குரூப்பை விட்டே வெளியே போயிருந்தான். மறுநாள் நான் கூப்பிட்டதற்கு எடுக்கவில்லை. அதன் பிறகு எட்டு மாதம் என்னோடு பேசவில்லை. கோபம் பாதி, பயம் பாதி. என் தங்கை வீட்டுக்கே வந்து, "ஒரு படத்துக்காக எம் புள்ள பொழப்புல மண்ணள்ளிப் போடப் பாத்தியே அண்ணே" என்று கேட்டாள். அவள் என்னை ஒருமையில் கேட்டது அதுதான் முதல் தடவை. பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அவன் பயந்தது வீண் பயம் இல்லை என்று பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன. நான் அந்தப் படத்தை அனுப்புவதற்கு ஒரு மாதம் முன்னால், செப்டம்பரில்தான், சவுதி அரசு வழக்குத் துறை ஓர் எச்சரிக்கை விட்டிருந்தது. பொது ஒழுங்கைக் கெடுக்கும் விதமாக இணையத்தில் கேலி செய்தால் ஐந்து வருஷம் வரை சிறை, முப்பது லட்சம் ரியால் வரை அபராதம். அந்த எச்சரிக்கையை அவர்கள் வெளியிட்டதும் ட்விட்டரில்தான். எழுதினவனுக்கு மட்டும் இல்லை, பரப்பினவனுக்கும் தண்டனை. அவன் பரப்பவில்லை, மாமா பரப்பினார். ஆனால் படம் இருந்தது அவன் போனில். வேலை செய்யும் இடத்தில் யாராவது போனை வாங்கிப் பார்த்தால் அவன் என்ன சொல்வான்?

அந்த எட்டு மாதமும் நான் இந்த விஷயத்தையே படித்துக்கொண்டிருந்தேன். படிக்கப் படிக்க ஒன்று விளங்கியது. இணையம் வந்தபோது அரபு ராஜாக்கள் பயந்தார்கள். சவுதியில் பொதுமக்களுக்கு இணையம் 1999-ல்தான் கிடைத்தது. அதுவும் நாடு முழுவதற்கும் ஒரே வாசல் வைத்து, வடிகட்டித்தான் விட்டார்கள். 2006-ல் பஹ்ரைனில் ஒரு வேடிக்கை நடந்தது. கூகுள் எர்த் வந்ததும் மக்கள் வானத்திலிருந்து தங்கள் தீவைப் பார்த்தார்கள். மதிலுக்குப் பின்னால் அரண்மனைகளும் தோட்டங்களும் எவ்வளவு இடத்தை அடைத்திருக்கின்றன, தாங்கள் எவ்வளவு நெருக்கடியில் இருக்கிறோம் என்று அப்பட்டமாகத் தெரிந்தது. அரசு அதைத் தடுக்கப் பார்த்தது. தடுத்ததாலேயே பார்க்காதவர்களும் தேடிப் பார்த்தார்கள்.

2011-ல் துனீசியாவிலும் எகிப்திலும் ஜனாதிபதிகள் விழுந்தார்கள். ராஜாக்கள் விழவில்லை. மொராக்கோ மன்னர் அரசியல் சட்டத்தை மாற்றி, ஜூலை மாதம் வாக்கெடுப்பு நடத்தினார். சவுதி மன்னர் அப்துல்லா சம்பளம், வீடு, வேலை என்று ஏறத்தாழ 13,000 கோடி டாலருக்குச் சலுகைகளை அறிவித்தார். பஹ்ரைனில் மக்கள் கூடிய முத்துச் சதுக்கத்துக்குப் பக்கத்து நாட்டுப் படை துணையோடு முடிவு கட்டினார்கள். அங்கே நடுவில் நின்ற நினைவுச் சின்னத்தையே மார்ச் 18 அன்று இடித்துத் தள்ளினார்கள்.

அதற்குப் பிறகுதான் ராஜாக்கள் கற்றுக்கொண்டார்கள் என்பது என் எண்ணம். இணையத்தை அடைப்பதைவிட அதில் தாங்களே உட்கார்ந்துவிடுவது நல்லது என்று தெரிந்துகொண்டார்கள். துபாய் ஆட்சியாளர் 2018 கேரள வெள்ளத்தின்போது ட்விட்டரில் மலையாளத்திலும் எழுதினார். எண்ணிப் பாருங்கள், ஓர் அரபு ஆட்சியாளர் தம் நாட்டில் கூலி வேலை பார்க்கிறவனின் தாய்மொழியில் அவனோடு பேசுகிறார்! என் நண்பர் ஒருவர் அதைப் படித்துவிட்டுக் கண் கலங்கினார். கூடத்து மஜ்லிஸ் கைப்பேசிக்குள் வந்துவிட்டது.

சவுதியில் அப்ஷர் என்று ஒரு செயலி இருக்கிறது. அந்தச் சொல்லுக்கு 'ஆகட்டும், சொல்லுங்கள்' என்கிற மாதிரி அர்த்தமாம், விருந்தாளி எதையாவது கேட்டால் வீட்டுக்காரர் சொல்லும் வார்த்தை. பாஸ்போர்ட், இக்காமா, அபராதம், ஊருக்குப் போய்வர அனுமதி என்று எல்லாம் அதில்தான். ஆனால் ஆரம்பத்தில் அந்த வசதி முதலாளிக்குத்தான் அதிகம் பயன்பட்டது. வேலைக்காரன் ஓடிப்போய்விட்டான் என்று முதலாளி கம்ப்யூட்டரில் ஒரு வார்த்தை பதிந்தால் போதும், அவன் சட்டவிரோதி ஆகிவிடுவான். அதற்கு ஹுரூப் என்று பேர். அதே செயலியில் ஒரு பெண் வெளிநாடு போகலாமா கூடாதா என்று அவள் வீட்டு ஆண் ஒரு பொத்தானை அழுத்தித் தீர்மானிக்க முடிந்தது. 2019-ல் உலகம் முழுக்க அதைப் பற்றிக் கண்டனம் எழுந்தது. அந்த ஆகஸ்டில், 21 வயது தாண்டிய பெண்கள் தாங்களே பாஸ்போர்ட் எடுத்துப் பயணம் போகலாம் என்று சட்டத்தை மாற்றினார்கள்.

என் மருமகன் என்னோடு மறுபடி பேசியது 2019 ஜூனில். அவன் அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்து திருச்சியில் சேர்த்திருந்தோம். ஆஸ்பத்திரியிலிருந்து நான்தான் கூப்பிட்டேன். எடுத்தான். "மாமா, எப்படி இருக்காரு?" என்றான். படத்தைப் பற்றி அவனும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

அடுத்த வருஷம் கொரோனா. ஊரடங்கில் வெளியே போகத் தவக்கல்னா என்ற செயலியில் அனுமதி வாங்க வேண்டும். நாளாக நாளாகக் கடைக்குள் நுழையவும் வேலைக்குப் போகவும் அதைக் காட்ட வேண்டும் என்று ஆனது. இவன் கம்பெனி ஐந்து மாதம் சம்பளம் கொடுக்கவில்லை. ஒரு அறையில் எட்டுப் பேர். சிலர் வீடியோ எடுத்து ஊருக்கு அனுப்பலாம், டிவியில் வரவைக்கலாம் என்றார்கள். இவன் வேண்டாம் என்றான். எனக்கு மட்டும் காரணம் தெரியும்.

2021 மார்ச் 14 முதல் சவுதியில் சட்டம் மாறியது. தனியார் கம்பெனியில் ஒரு வருஷம் முடித்தவர், கபீல் அனுமதி இல்லாமலே வேறு வேலைக்கு மாறலாம். ஊருக்குப் போய்வரும் அனுமதியையும் தானே செயலியில் கேட்கலாம். வீட்டு வேலைக்காரர், வீட்டு டிரைவர், ஆடு மேய்ப்பவர், தோட்டக்காரர் இவர்களுக்கு அது கிடையாது. 1993-ல் நான் மனு எழுதிக் கொடுத்தேனே, அந்த அம்மாவின் மகன் இன்று அங்கே இருந்தாலும் இந்தச் சட்டம் அவனைத் தொடாது. ஆனால் என் மருமகனைத் தொட்டது. வேறு ஒரு கம்பெனி கேட்டது, இவன் படுக்கையில் உட்கார்ந்தபடியே போனில் சம்மதம் கொடுத்தான், கொஞ்ச நாளில் மாறிவிட்டான். பழைய சம்பளத்தில் பாதி புகார் செய்து கிடைத்தது. மீதி போனது போனதுதான்.

அன்றைக்கு அவன் குரலில் இருந்த சந்தோஷத்தை நான் மறக்க மாட்டேன்.

"மாமா, கபீல் மூஞ்சியவே பாக்கல. கெஞ்சல. ஒரு பொத்தான்தான்!"

"அப்ப ராஜா நல்லவர்தான்டா" என்றேன், பழைய அம்மாவை நினைத்துக்கொண்டு.

அவன் சிரித்தான். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னான்: "முன்ன சாவி கபீல் கையில இருந்துச்சு மாமா. இப்ப கவர்மெண்ட் கையில இருக்கு. அவ்ளோதான். எங் கைக்கு வரல."

நான் எத்தனையோ கட்டுரை படித்தேன். இதைவிடத் தெளிவாக ஒன்றும் சொல்லவில்லை. நடுவில் இருந்த ஏழு கதவையும் இணையம் திறந்துவிட்டது. இவன் குறை நேராக அரண்மனைக்குப் போகிறது. ஆனால் கதவு திறந்தால் இரண்டு பக்கமும் தெரியும். இவன் எங்கே போகிறான், யாரிடம் வேலை பார்க்கிறான், எவ்வளவு பணம் அனுப்புகிறான், மாமா என்ன படம் அனுப்பினார் என்று அங்கிருந்து பார்க்க நினைத்தால் பார்க்கலாம். கபீல் காலத்தில் கொடுமை இருந்தது, ஆனால் கபீலுக்கு இரண்டு கண்தான்.

இன்னொன்றும் தோன்றுகிறது. நடுவில் ஆள் இருந்த வரைக்கும் பழியைத் தாங்க ஓர் ஆள் இருந்தான். ராஜாவின் பேர் கெடவில்லை. இப்போது எல்லாமே ராஜாவின் செயலியில் நடக்கிறது என்றால், நல்லது நடந்தால் பேர் ராஜாவுக்கு. கெட்டது நடந்தால்? யார்மேல் பழி போடுவது? அதனால்தான் பேச்சின்மேல் இவ்வளவு பயம் என்று நினைக்கிறேன். சவுதியில் முகமது அல்-காம்தி என்று ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர். ட்விட்டரில் விரல் விட்டு எண்ணக்கூடிய ஆட்களே அவரைப் பின்தொடர்ந்தார்கள். அரசைக் குறை சொல்லி எழுதியதற்காக 2023 ஜூலையில் அவருக்கு மரண தண்டனை விதித்தார்கள். மறு வருஷம் அதை ரத்து செய்து 30 வருஷம் சிறை என்று மாற்றினார்கள். செய்தியைப் படித்தபோது நான் என் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஓய்வு பெற்றவர், பொழுது போகாமல் எழுதுகிறவர், பத்துப் பேர் படிக்கிறார்கள். அது நான்தானே? பிறந்த ஊர் மட்டும்தான் வேறு.

அதற்காக நம் நாட்டைப் பற்றிப் பெருமை மட்டும் பேசிவிட முடியாது. 2012-ல் பக்கத்துப் புதுச்சேரியில் ஒருவரை ட்விட்டரில் எழுதியதற்காகக் கைது செய்தார்கள். அதற்கு வழி செய்த 66ஏ பிரிவை 2015 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. 2018 மே மாதம் தூத்துக்குடியில் துப்பாக்கிச் சூடு நடந்தபோது, தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி மூன்று மாவட்டத்திலும் இணையத்தை நிறுத்தினார்கள். அதிகாரத்தில் இருப்பவர் ராஜாவானாலும் தேர்ந்தெடுத்தவரானாலும் பேச்சைக் கண்டால் கை முதலில் சுவிட்சுக்குத்தான் போகிறது. வித்தியாசம் என்னவென்றால், நமக்கு ரத்து செய்ய ஒரு நீதிமன்றம் இருக்கிறது, ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை விரலில் மை வைக்கிறார்கள். திங்கட்கிழமை பெரம்பலூர் கலெக்டர் ஆபீசில் மனுவோடு போய் நிற்கலாம். பதில் வராவிட்டால் அடுத்த திங்கட்கிழமை போய்ச் சத்தம் போடலாம். சத்தம் போட்டுவிட்டு வீட்டுக்குத் திரும்பி வந்து சோறு சாப்பிடலாம். அதன் அருமை ரியாத்தில் பத்து வருஷம் இருந்தவனைக் கேட்டால் தெரியும்.

வெளிநாட்டில் பிள்ளைகள் இருக்கிற நண்பர்களுக்கு ஒன்று சொல்லிக்கொள்கிறேன். எனக்கு வயதாகிவிட்டது, புத்தி சொல்லும் உரிமை உண்டு. ஒரு படத்தையோ செய்தியையோ தள்ளிவிடுவதற்கு முன், அது போய் இறங்கும் போன் எந்த நாட்டில் இருக்கிறது என்று ஒரு நிமிஷம் யோசியுங்கள். நமக்குச் சிரிப்பு, அவனுக்குச் சோறு. தபால் ஆபீசில் இருந்தபோது அடுத்தவர் மனம் நோகக் கூடாது என்று வரிகளைத் தாண்டிப் படித்தவன் நான். கையில் ஒரு போன் வந்ததும் அந்தப் பழக்கத்தை மறந்துவிட்டேன்.

மருமகன் இப்போது அப்பா பட்டறையில் உட்கார்ந்திருக்கிறான். பத்து வருஷம் அலமாரி செய்த கை, உளி பழகக் கொஞ்ச நாள் ஆகும் என்கிறார் அவன் அப்பா. குடும்ப குரூப்பில் மறுபடி சேர்த்துவிட்டோம். சேர்ந்தானே தவிர ஒன்றும் எழுத மாட்டேன் என்கிறான்.

இந்தக் கட்டுரையை எழுதி முடித்ததும் முதலில் அவனிடம்தான் படிக்கக் கொடுத்தேன். மெதுவாகப் படித்தான். ஒரு இடத்தில் விரலை வைத்து, "இந்த ஒரு வரி வேண்டாம் மாமா" என்றான்.

"ஊருக்கே வந்துட்ட, இன்னும் என்னடா பயம்?"

"பயமில்ல மாமா. பழக்கம்."

அந்த வரியை எடுத்துவிட்டேன்.